சென்டம் வாங்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிளஸ் டூ கணக்கில் சென்டம் எடுத்து, பொறியியல் முடித்து, இரண்டு மூன்று வருடம் ஐ.டி. கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு, இப்போது எம்.பி.ஏ. ஆசையில் ஜிமேட் எழுத உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்களில் மூத்தவர்கள் 200-க்கு 200 எடுத்தவர்கள். மொத்த மதிப்பெண் 600 ஆன பிறகு படித்தவர்கள் 100-க்கு 100. எதுவானாலும் பள்ளிக்கூட வாசலில் கட்டிய பேனரில் உங்கள் முகம் இருந்திருக்கும். அப்படிப்பட்ட உங்களைத்தான் டேட்டா சஃபிஷியன்சி என்ற ஒரு கேள்வி வகை திரும்பத் திரும்பக் கவிழ்க்கிறது. ஆங்கிலத்தில் சறுக்கினால் சொல்லிக்கொள்ள உங்களிடம் ஒரு காரணம் இருக்கிறது. கணக்கில் சறுக்குவதைத்தான் தாங்க முடியவில்லை. மாதிரித் தேர்வு முடிந்து தப்புகளைப் பார்த்ததும், "சில்லி மிஸ்டேக் சார்" என்கிறீர்கள்.

அது சில்லி மிஸ்டேக் இல்லை. உங்களுக்கு சென்டம் வாங்கிக்கொடுத்த அதே பழக்கம் இங்கே உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது என்பதுதான் என் கட்சி.

பழக்கம் எது என்று சொல்கிறேன். கணக்கு கண்ணில் பட்ட உடனே கை எழுதத் தொடங்கிவிடும். கொடுத்த விவரம் எல்லாவற்றையும் பயன்படுத்தியே ஆக வேண்டும். ஒன்று மிச்சமிருந்தால் எங்கோ தப்பு செய்திருக்கிறோம் என்று மனசு உறுத்தும். கடைசி வரியில் ஓர் எண் வர வேண்டும், அதற்குக் கீழே இரண்டு கோடு இழுக்க வேண்டும். ஸ்டெப் மார்க்குக்காக பத்தாம் வகுப்பிலிருந்து நமக்குள் ஊறிய ஒழுங்கு இது. நல்ல ஒழுங்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் டேட்டா சஃபிஷியன்சியில் விடையைக் கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை.

புதிதாக வருபவர்களுக்காக அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கேள்வி இருக்கும். அதன் கீழே (1), (2) என்று இரண்டு தகவல்கள். கேள்விக்கு ஒரே முடிவான விடை சொல்ல அந்தத் தகவல் போதுமா என்பதுதான் பிரச்சினை. முதல் தகவல் மட்டும் போதும், இரண்டாவது தனியாகப் போதாது என்றால் விடை ஏ. இரண்டாவது மட்டும் போதும் என்றால் பி. தனித்தனியாக எதுவும் போதாது, சேர்த்தால் போதும் என்றால் சி. இரண்டில் எதுவாக இருந்தாலும் தனியாகவே போதும் என்றால் டி. சேர்த்தும் போதாது என்றால் இ. எந்தக் கேள்விக்கும் இதே ஐந்துதான். இவற்றை மனப்பாடம் செய்யாமல் தேர்வுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் மறுபடி மறுபடி அந்த ஐந்து வரியைப் படித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அந்த ரகமாக இருந்தால் இந்த மடலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

இப்போது ஒரு கணக்கு. பேனா ஒன்று 7 ரூபாய், நோட்டு ஒன்று 11 ரூபாய். ஒரு பையன் இந்த இரண்டை மட்டும் வாங்குகிறான். எத்தனை பேனா வாங்கினான்? (1) மொத்தம் 100 ரூபாய் ஆனது. (2) பேனாவும் நோட்டும் சேர்த்து 12.

சென்டம்காரர் என்ன செய்வார்? தெரியாதவை இரண்டு, சமன்பாடுகள் இரண்டு, ஒன்றை மட்டும் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது, ஆகவே சி. பத்து வினாடிகூட ஆகாது. சிலர் அதோடும் விடாமல் இரண்டையும் தீர்த்து, 8 பேனா, 4 நோட்டு என்று கண்டுபிடித்து, சரிபார்த்து, மனநிறைவோடு சி-யை அழுத்துவார்கள்.

விடை ஏ. பேனாவை அரையாகவும் காலாகவும் யாரும் விற்பதில்லை என்பதை மறந்துவிட்டோம். 100 ரூபாயிலிருந்து 11, 22, 33 என்று கழித்துக்கொண்டே வந்து, மிச்சம் 7-ஆல் வகுபடுகிறதா என்று பாருங்கள். நோட்டு 4 ஆகும்போது மிச்சம் 56; அது வகுபடுகிறது. 0 முதல் 9 வரை வேறு எந்த எண்ணிக்கைக்கும் வகுபடாது. முதல் தகவல் தனியாகவே ஒரே விடையைத் தருகிறது. முழு எண் விடைகளை மட்டும் தேடும் இந்த வகைச் சமன்பாட்டுக்கு ஆரியபட்டர் கி.பி. 499-லேயே வழி சொல்லிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அதற்குக் குட்டகம் என்று பெயர் வைத்தார்கள். தேர்வில் அந்த முறையெல்லாம் தேவையில்லை. பத்து எண்களைப் போட்டுப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

இதைக் கேட்டதும், "அப்படியானால் எண்ணிக்கை கேட்டால் ஒரு சமன்பாடே போதும்" என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். பேனா 5 ரூபாய், நோட்டு 10 ரூபாய் என்று மாற்றிப் பாருங்கள். 100 ரூபாய்க்குப் பதினோரு வழிகள் கிடைக்கும். அப்போது இரண்டாவது தகவலும் வேண்டும், விடை உண்மையிலேயே சி. விதி எதுவும் இல்லை. போட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஷார்ட்கட் கேட்டு நச்சரிப்பவர்களுக்கு இது கசப்பாகத்தான் இருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மகனின் வயது என்ன? (1) அப்பா மகனைவிட 28 வயது மூத்தவர். (2) 5 ஆண்டுகளுக்கு முன் மகன் அப்பாவைவிட 28 வயது இளையவன். தகவல் இரண்டு, ஆனால் சொல்வது ஒன்றே. வயது வித்தியாசம் எந்தக் காலத்திலும் மாறாது. விடை இ. இரண்டு சமன்பாடு இருந்தாலே போதும் என்று எண்ணுபவர்கள் இங்கேயும் சி-யைத்தான் அழுத்துவார்கள்.

இன்னொன்று. நான்கு இட்லியும் ஆறு வடையும் வாங்கினால் எவ்வளவு ஆகும்? (1) இரண்டு இட்லியும் மூன்று வடையும் 65 ரூபாய். (2) வடை இட்லியைவிட 5 ரூபாய் அதிகம். இட்லி 10, வடை 15 என்று கண்டுபிடிக்கும் வேகத்தில் சி போட்டவர்கள் எத்தனையோ பேர். இட்லி என்ன விலை என்று யார் கேட்டார்கள்? முதல் தகவலை இரண்டால் பெருக்கினால் கதை முடிந்தது. விடை ஏ. கேள்வி தனித்தனி விலையைக் கேட்கிறதா, கூட்டுத்தொகையைக் கேட்கிறதா, விகிதத்தைக் கேட்கிறதா என்று பார்க்காமல் பாய்வதுதான் இங்கே பிழை.

மூன்று கணக்கிலும் சி என்ற ஒரே விடைதான் உங்களை இழுத்தது, கவனித்தீர்களா? கொடுத்த எல்லாவற்றையும் பயன்படுத்திவிட்ட திருப்தி அதில் இருக்கிறது. கேள்வி எழுதுபவருக்கு இந்த மனசு நன்றாகத் தெரியும். அதற்காக சி என்று வந்தாலே சந்தேகப்பட்டு மாற்றவும் வேண்டாம். நேர்மையான சி-க்களும் நிறைய உண்டு. சி-யை அழுத்தும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டாவதைத் தூக்கிப் போட்டால் முதலாவது நிஜமாகவே இரண்டு வேறு விடைகளுக்கு இடம் தருகிறதா? அந்த இரண்டு விடைகளையும் எழுதிக் காட்ட முடிய வேண்டும். எழுத முடியவில்லை என்றால், போதாது என்று சொல்ல உங்களுக்கு ஆதாரம் இல்லை.

இந்த வகைக் கேள்வியின் முழு வேலையும் அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு விடை கிடைத்ததும் நிறுத்திவிடுவோம். இங்கே ஒரு விடை கிடைத்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. வேறு ஒன்று கிடைக்குமா? கிடைத்தால் போதாது, கிடைக்க வழியே இல்லை என்றால் போதும். உங்கள் விடையை நீங்களே உடைக்கப் பார்க்க வேண்டும். சென்டம் வாங்கிய நமக்கு நாம் போட்ட விடையை நாமே உடைக்கக் கை வராது என்பதுதான் சங்கடம்.

அடுத்தது, ஆமா இல்லையா என்று கேட்கும் கேள்விகள். என் கணிப்பில் நம்மவர்கள் அதிகம் விழுவது இங்கேதான். ஒரு முழு எண். அது இரட்டைப்படையா? (1) அந்த எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணைக் கூட்டினால் இரட்டைப்படை. (2) அதன் மூன்று மடங்கோடு 1 கூட்டினால் இரட்டைப்படை.

முதல் தகவல் பார்க்கக் கனமாக இருக்கிறது. ஆனால் ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதையே கூட்டுவது, அந்த எண்ணை அடுத்த எண்ணால் பெருக்குவதுதான். அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒன்று இரட்டைப்படையாகத்தான் இருக்கும். ஆகவே எந்த முழு எண்ணுக்கும் இது உண்மை. தகவல் என்ற பெயரில் ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டாவதுக்கு வாருங்கள். மூன்று மடங்கோடு 1 கூட்டியது இரட்டைப்படை என்றால் மூன்று மடங்கு ஒற்றைப்படை, ஆகவே எண்ணும் ஒற்றைப்படை. அது இரட்டைப்படையா என்ற கேள்விக்கு விடை, இல்லை. நிச்சயமாக, எப்போதும், இல்லை.

இந்த இடத்தில் பேனா தயங்குகிறது. "இல்லை" என்று வந்ததால் போதாது என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். உறுதியான "இல்லை"யும் முடிவான விடைதான். அந்தத் தகவல் போதும், விடை பி. ஒரு சமயம் ஆமா, ஒரு சமயம் இல்லை என்று வந்தால் மட்டுமே போதாது.

எண் என்ற உடனே 1, 2, 3 என்று மனசு போவது அடுத்த குறை. கேள்வியில் முழு எண் என்று சொல்லாதவரை பின்னமும் எண்தான், பூஜ்ஜியமும் எண்தான், குறை எண்ணும் எண்தான். எக்ஸ் ஒய்யைவிடப் பெரியதா? (1) எக்ஸை ஒய்யால் வகுத்தால் 1-ஐவிட அதிகம் வருகிறது. (2) ஒய் பூஜ்ஜியத்தைவிடப் பெரியது. முதல் தகவலில் இரண்டு பக்கமும் ஒய்யால் பெருக்கி, "எக்ஸ்தான் பெரியது, போதும்" என்கிறீர்கள். ஒய்யின் குறி என்ன என்று கேட்டீர்களா? மைனஸ் 3-ஐ மைனஸ் 2-ஆல் வகுத்தாலும் 1.5 வரும், ஆனால் மைனஸ் 3 சிறியது. குறி தெரியாத எதையும் கொண்டு சமனின்மையைப் பெருக்கக் கூடாது என்று பதினோராம் வகுப்பிலேயே படித்தோம். இரண்டாவது தகவல் அந்தக் குறியைத்தான் தருகிறது. இங்கே விடை சி. நேர்மையான சி என்றேனே, அதற்கு இது உதாரணம்.

இரண்டாவது தகவலைப் படிக்கும்போது முதலாவதை மனசிலிருந்து துடைத்துவிட வேண்டும். சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். முதலாவதில் கிடைத்தது நம்மை அறியாமல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்; சாம்பார் கரண்டியை ரசத்தில் விட்ட மாதிரி, பிறகு எது எதன் ருசி என்று தெரியாது. பயிற்சியின்போது ஒரு காகிதத்தால் இரண்டாவது வரியை மூடிக்கொள்ளுங்கள். முதலாவதை முடித்ததும் அதை மூடி இரண்டாவதைத் திறவுங்கள். தேர்வுத் திரையில் காகிதம் வைக்க முடியாதுதான். அதற்குள் கண் பழகியிருக்கும்.

முதல் தகவலை முடித்ததுமே விடைகளை வெட்டிவிட வேண்டும். அது போதும் என்றால் மிச்சம் ஏ அல்லது டி. போதாது என்றால் பி, சி, இ. இரண்டாவது தகவல் புரியாத மொழியில் இருந்தாலும், ஐந்தில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறிப்பதற்குப் பதில் இரண்டில் ஒன்றையோ மூன்றில் ஒன்றையோ குறிக்கலாம். முதலாவது கடினமாக இருந்தால் இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். அப்போது வெட்டு பி, டி ஒரு பக்கம், ஏ, சி, இ மறுபக்கம். இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. ஜிமேட்டில் இரண்டு தகவல்களும் உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், ஒன்றையொன்று மறுக்காது. முதலாவதிலிருந்து 7-ம், இரண்டாவதிலிருந்து 9-ம் வந்தால் எங்கோ கணக்கு பிசகியிருக்கிறது என்று அர்த்தம். வேறு எந்தக் கேள்வி வகையிலும் இப்படி இலவசமாகச் சரிபார்ப்பு கிடைக்காது.

கணக்கே போடாமல் முடிக்கக்கூடியதும் ஒன்று சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் ஆண்களின் சராசரிச் சம்பளம் 40,000 ரூபாய், பெண்களின் சராசரி 50,000. ஆண்களைவிடப் பெண்கள் அதிகமா? (1) எல்லாரையும் சேர்த்துச் சராசரி 45,000-க்கு மேல். (2) மொத்த ஊழியர்கள் 120 பேர். 45,000 நட்ட நடு. சராசரி நடுவைத் தாண்டி 50,000 பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் ஆள் அதிகம். விடை ஏ. இதற்குச் சமன்பாடு எழுதியவர் இரண்டு நிமிடத்தை வாரிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நிமிடம் பெரிதா என்றால், பெரிதுதான். 2023 நவம்பரில் ஜிமேட் மாறியபோது இந்த வகைக் கேள்வியைக் கணக்குப் பகுதியிலிருந்து எடுத்து, டேட்டா இன்சைட்ஸ் என்ற புதிய பகுதியில் வைத்துவிட்டார்கள். அங்கே 20 கேள்விகள், 45 நிமிடம். ஒரு கேள்விக்கு இரண்டே கால் நிமிடம். கூடவே அட்டவணை, வரைபடம், இரண்டு மூன்று பக்கம் மாறி மாறிப் படிக்க வேண்டிய மல்ட்டி சோர்ஸ் ரீசனிங் எல்லாம் வரிசையில் நிற்கும். அவை நேரத்தை விழுங்கும். அந்த நேரத்தை டேட்டா சஃபிஷியன்சியில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். மொத்த மதிப்பெண் 205-லிருந்து 805 வரை. மூன்று பகுதிக்கும் சம எடை. ஆகவே, "எனக்குக் கணக்குப் பகுதி வலுவாக இருக்கிறது, இதை விட்டுவிடலாம்" என்று சொல்ல முடியாது.

டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் திரையிலேயே கால்குலேட்டர் தருகிறார்கள். கணக்குப் பகுதியில் கிடையாது. நம் ஆட்களுக்கு இதில் ஏக சந்தோஷம். டேட்டா சஃபிஷியன்சியில் கை கால்குலேட்டரைத் தேடினால், பெரும்பாலும் நீங்கள் தேவையில்லாத விடையைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். வடிவியலும் அந்த மாற்றத்தோடு போய்விட்டது. அண்ணன் அக்கா விட்டுச்சென்ற பழைய புத்தகத்தில் வட்டத்துக்குள் முக்கோணம் இருந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

டேட்டா சஃபிஷியன்சி அமெரிக்கத் தேர்வின் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட்டில் எம்.பி.ஏ. தாளுக்குப் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. வங்கி அதிகாரித் தேர்வுகளின் ரீசனிங் பகுதியிலும் வருகிறது. அங்கே எழுதிய அனுபவம் உள்ளவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விடைகளின் வரிசை தேர்வுக்குத் தேர்வு மாறும். பழைய வரிசை மனசில் பதிந்திருந்தால், சரியாக யோசித்துவிட்டுத் தப்பாகக் குறிப்பீர்கள்.

மேலாண்மைப் பள்ளிகள் ஏன் இதைக் கேட்கின்றன என்று சிலர் சலித்துக்கொள்கிறீர்கள். எனக்கு இது நியாயமான கேள்வி வகையாகவே படுகிறது. கடை திறக்கலாமா, ஆள் எடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் முன் எக்செல் கோப்புகள் குவிந்துகொண்டே இருக்கும். கையில் இருப்பது போதுமா, இன்னும் கேட்க வேண்டுமா, கேட்டாலும் பயன் இருக்குமா என்று தெரிய வேண்டும். போதும் என்ற பிறகும் தகவல் சேர்ப்பவர் காலத்தை வீணாக்குகிறார். போதாதபோது முடிவெடுப்பவர் பணத்தை வீணாக்குகிறார். ஐந்து விடைகளில் பாதி மேலாண்மை அடங்கிவிடுகிறது என்று சொன்னால் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. நூறு கணக்கை ஒரே மூச்சில் போட்டுவிட்டு, "முடிச்சிட்டேன் சார்" என்று வருவதால் ஒன்றும் நடக்காது. ஒரு வாரத்துக்கு, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: போதாததைப் போதும் என்றேனா, போதுவதைப் போதாது என்றேனா? முதல் ரகம் அதிகமாக இருந்தால் நீங்கள் பூஜ்ஜியம், பின்னம், குறை எண்களைப் போட்டுப் பார்ப்பதில்லை. இரண்டாவது ரகம் அதிகமாக இருந்தால், கேள்வியில் ஒளிந்திருக்கும் கட்டுப்பாட்டை, பேனா முழு எண் என்பது போன்றதை, படிக்கத் தவறுகிறீர்கள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எது உங்கள் நோய் என்று தெரியாமல் கோச்சிங்குக்குப் பணம் கட்டாதீர்கள்.

தீர்த்துப் பழகிய கேள்விகளையே மறுபடி எடுத்து, இம்முறை விடை எண்ணைக் கண்டுபிடிக்காமல் ஏ முதல் இ வரை முடிவு சொல்லிப் பாருங்கள். முதல் சில நாள் கை பரபரக்கும். எண் வராமல் ஒரு கணக்கை விட்டுவிட்டு எழுந்து போவது, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் போவதைப் போலத் தோன்றும். பயப்பட வேண்டாம், பழகிவிடும்.

ஜிமேட்டின் அதிகாரப்பூர்வ தளத்தில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உண்மைத் தேர்வு போலவே, நீங்கள் எழுதும் விதத்துக்கு ஏற்பக் கேள்விகளின் கடினம் மாறும். "சும்மா பார்க்கலாம்" என்று இரண்டையும் ஒரே வார இறுதியில் தீர்த்துவிடாதீர்கள். ஒன்றை இப்போது எழுதுங்கள். மேலே சொன்ன நோட்டு நிரம்பிய பிறகு இன்னொன்றை எழுதுங்கள்.

அன்புடன்,
சென்டம் வாங்கியவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் கணக்கு வாத்தியார்